ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்து ஒற்றன்

போன மாதம் பொன்னேரி போகும் வழியில் வண்டியின் செயின் அறுந்து, ஒரு மெக்கானிக் கடை வாசலில் கவிழ்த்துப் போட்ட டயர்மேல் உட்கார்ந்திருந்தேன். பையன் பழைய துணியை மண்ணெண்ணெயில் முக்கிப் பல்சக்கரத்தைத் துடைத்தான். மண்ணெண்ணெய் வாசனை மூக்கில் ஏறி எத்தனையோ காலம் ஆயிற்று. "இது இப்பவும் கிடைக்குதாப்பா?" என்று ஆசையாகத்தான் கேட்டேன். அவன் கையை நிறுத்திவிட்டு, "எதுக்குக் கேக்குறீங்க?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அந்த வாசனையும் அந்தப் பார்வையும் ஒன்றாக வந்ததில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இரண்டாயிரத்துச் சொச்சங்களில் நான் வாழ்ந்த வாழ்க்கையே அந்த இரண்டும்தான்.

திருவள்ளூரில் ஒரு சிறிய ஆப்செட் அச்சகம் இருந்தது. சாயங்காலம் ரோலரைக் கழுவினால் தெருமுனை வரை மண்ணெண்ணெய் அடிக்கும். நான் அங்கே காகிதக் கட்டு தூக்கப் போனவன். அதற்கு முன்னால் ஊத்துக்கோட்டைப் பக்கம் செங்கல் சூளை, அதற்கும் முன்னால் லாரி கிளீனர், நடுவில் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் ஆலை. ஆலையில் ஒரு கோடைக்குமேல் தாங்கவில்லை. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு எந்த வேலையும் சமம்தான். ஆனால் அச்சகத்தில் ஒரு சங்கதி பிடித்துப்போனது. யாரோ எழுதியது காலையில் வெறும் எழுத்தாக வந்து, மூன்று நாளில் கையில் பிடிக்கிற பொருளாகிவிடுகிறது. நானும் சுற்றிய ஊர்களைப் பற்றி எழுதி, மிச்சம் மீதிக் காகிதத்தில் ஒரு புத்தகம் போட்டேன். அரக்கோணம் ரயிலில் நானே விற்றேன். கடலை விற்பவர் என்னைப் போட்டிக்காரனாக நினைத்துக் கடம்பத்தூர் வரை முறைத்துக்கொண்டே வருவார்.

வாங்கியவர்களில் சிலர், "இத யாரு போட்டுக் குடுத்தாங்க?" என்று கேட்டார்கள். நானே போட்டேன் என்றால் நம்பமாட்டார்கள். நம்பியவர்கள், எங்களுக்கும் சொல்லிக் கொடு என்றார்கள். இப்படித்தான் நான் வாத்தியார் ஆனேன். ஒன்பதாவது பெயிலான வாத்தியார்.

வகுப்புக்கு இடம் கிடைக்கவில்லை. மாதாகோயில் கூடத்தில் கேட்டால் நீங்கள் எந்தச் சபை என்றார்கள். கல்யாண மண்டபக் காவலாளி, சீட்டுக் கம்பெனியா என்றார். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரர், நாலு பேர் தாளும் பேனாவுமாக வந்து போவதைப் பார்த்து ஏதோ இயக்கம் என்று முடிவு செய்துவிட்டார். அதனால் வெளியே கிளம்பினோம். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஓர் இடம். பூண்டி நீர்த்தேக்கத்தில் மதகு திறந்தால் அங்கே. இல்லாவிட்டால் கடம்பத்தூர் ஸ்டேஷன் வேப்பமரத்தடி. எல்லாவற்றையும்விடப் பழவேற்காடு ஏரியில் படகு. பொய் சொல்வானேன், பாடத்தைவிட ஊர் சுற்றுவதுதான் எனக்கு முக்கியமாக இருந்தது.

பூண்டியில் ஒருமுறை கான்ஸ்டபிள் ஒருவர் சைக்கிளை நிறுத்திவிட்டு வந்தார்.

"இன்னா கூட்டம் இது?"

"புக்கு போடக் கத்துக்கறோம் சார்."

"புக்கு கடையில விக்குதே, வாங்கிக்கினு போவேண்டியதுதானே? மரத்தடியில இன்னா ரகசியம்?"

நான் ஒரு தாளை எடுத்து மூன்று மடிப்பு மடித்து, ஓரத்தில் பக்க எண் போட்டு, விரித்துக் காட்டினேன். எண்கள் பாதி நேராகவும் பாதி தலைகீழாகவும் கிடந்தன. பெரிய தாளில் அப்படி அச்சடித்து, மடித்து வெட்டினால்தான் பக்கங்கள் வரிசையாக வரும். இதுதான் என் முதல் பாடம். கான்ஸ்டபிள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "குறி பாஷ மாதிரி கீது" என்று மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். அதை ஸ்டேஷனில் யாரிடம் காட்டினாரோ தெரியாது.

எங்கள் கூட்டத்தில் நிலையாக வந்தவர்கள் மூன்று பேர். பஷீர் பாய் பழவேற்காட்டுக்காரர், கருவாட்டு வியாபாரம். ஏரியில் அடிக்கிற காற்றுகளைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். படகு அவர் மச்சானுடையது. வறுத்த இறால் அவர் வீட்டிலிருந்து வரும். அதைத் தின்ற கையோடு தாளைத் தொடக்கூடாது என்று நான் கத்த வேண்டியிருக்கும். இரண்டாவது ஸ்டெல்லா. கவரைப்பேட்டை பக்கம். அப்பா அம்மா நடவுக்கும் அறுப்புக்கும் போனவர்கள். அவள் கும்மிடிப்பூண்டியில் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் கான்ட்ராக்ட் ஆள். பொங்கல் கழித்து நிரந்தரம் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த வீட்டில் மாதச் சம்பளம் என்று யாருக்கும் அதுவரை வந்ததில்லை.

அவள் எழுதிய கதைகளில் ஒன்று எங்களையெல்லாம் கலங்கடித்தது. தகட்டை அழுத்தி வெட்டும் மெஷினில் இரண்டு பட்டன் இருக்கும். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அமுக்கினால்தான் மெஷின் இறங்கும். கை உள்ளே போய்விடக்கூடாது என்பதற்காக அப்படி. ஆனால் எண்ணிக்கை ஏறவேண்டும் என்று ஒரு பட்டனை டேப் ஒட்டி அமுக்கி வைத்துவிடுவார்கள். ஒரு கை பட்டனில், ஒரு கை தகட்டில். கதையில் வரும் பெண்ணுக்கு இரண்டு விரல் போகிறது. கம்பெனி பெயர் இல்லை. ஊர் பெயர் இல்லை. ஸ்டெல்லா தன் பெயரையும் போடவில்லை, வேறொரு பெயர் வைத்திருந்தாள். விஷயம் தெரிந்தால் பொங்கலும் இல்லை, நிரந்தரமும் இல்லை.

மூன்றாவது ஆள் கோதண்டம். மடிப்புக் கலையாத சட்டை, பாலிஷ் போட்ட ஷூ, பையில் இரண்டு பேனா. எல்லா ஞாயிறும் முதல் ஆளாக வருவார். அவர் எழுதி நான் ஒரு வரி பார்த்ததில்லை. கேட்டால், "யோசிச்சிக்கினு கீறேன்" என்பார். ஆனால் கேள்வி மட்டும் நிறையக் கேட்பார். படகில் ஸ்டெல்லாவின் கதையை நான் வாசித்து முடித்தபோது, தூரத்தில் பூநாரைகள் கூட்டமாக நின்றன. எல்லோரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். கோதண்டம் மட்டும், "இது எந்தக் கம்பெனியில நடந்துச்சு?" என்றார்.

"கதைங்க. சும்மா எழுதுனது" என்றாள் ஸ்டெல்லா.

கரை இறங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, இந்த ஆளு யாரு? எங்க வேல பாக்குறாரு?"

எனக்கும் தெரியாது. பஷீர் பாய்க்கும் தெரியாது. கேட்டவர்களுக்கெல்லாம் கோதண்டம் ஒவ்வொரு இடம் சொல்லியிருந்தார்.

எங்கள் வழக்கம், எழுதியவரே தன் பிழையைத் திருத்தக்கூடாது. பிழை பார்க்க மற்ற எல்லோருக்கும் ஆளுக்கொரு படி கொடுத்துவிடவேண்டும். ஸ்டெல்லாவின் புத்தகத்துக்குப் படி எடுத்தபோது எனக்கு ஒரு யோசனை வந்தது. கதையில் விரல் போகிற பெண்ணின் பெயர் கலா. கோதண்டத்துக்குக் கொடுத்த படியில் மட்டும் அதைச் சுமதி என்று மாற்றினேன். கம்பெனியில் யாராவது சுமதி என்று வாயைத் திறந்தால் ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

இதை ஸ்டெல்லாவிடமும் பஷீர் பாயிடமும் சொன்னேன். பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "வாத்தியாரே, நீ புக்கு போடறியா, சிஐடி வேல பாக்குறியா?"

கோதண்டத்தின் படி திரும்பி வரக் காத்திராமல் உள்பக்கங்களை அச்சடித்துவிட்டோம். அட்டை பாக்கி. அடுத்த ஞாயிறு கடம்பத்தூர் ஸ்டேஷனுக்கு ஸ்டெல்லா தாமதமாக வந்தாள். எங்களோடு உட்காரவில்லை. அடுத்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். கோதண்டம் அன்று மட்டும் வந்திருக்கவில்லை.

"சூப்பர்வைசர் கூப்டாரு. கையில ஒரு தாளு. 'யாரு இந்தக் கலா? நீ சாப்பாட்டு நேரத்துல எதோ எழுதுறியாமே'ன்னாரு. தெரியாது சார்ன்னுட்டேன்." பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "கலான்னுதான் கேட்டாரு. சுமதின்னு கேக்கல. அப்போ உங்க ரெண்டு பேர்ல ஒருத்தரு."

பஷீர் பாய் எழுந்தே விட்டார். "இன்னாம்மா பேசுற? எங்க ஊட்டுச் சோத்த தின்னுட்டு..."

"தாளு பூரா எண்ணெய் பாய். எறா வறுத்த கை யாருது?"

பாய் தன் உள்ளங்கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார். எனக்கே ஒரு கணம் பாய்மேல் சந்தேகம் வந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கு என்மேல் வந்திருந்தது தெரிந்தது. மூன்று பேரும் மூன்று பக்கமாகத் திரும்பிக்கொண்டோம். ஒரு மின்சார ரயில் வந்து நின்று போயிற்று.

"அந்தத் தாள் எப்படி இருந்திச்சு?" என்று கடைசியில் கேட்டேன்.

"பெரிய துண்டா கிழிச்சிருந்திச்சு. மை அப்பிக்கினு கீது. பக்கத்துல இன்னொரு பக்கம், தலைகீழா."

படி என்று நான் கொடுத்ததெல்லாம் ஒற்றை ஒற்றைத் தாள். அதில் எதுவும் தலைகீழாக இருக்காது. மெஷினில் ஏறிய பெரிய தாளில்தான் அப்படி இருக்கும். மை சரியாக விழும்வரை முதலில் ஓடுகிற தாள்களெல்லாம் வேஸ்ட். அவற்றை அச்சகக்காரர்கள் மூலையில் சேர்த்துவைத்துப் பழைய பேப்பர்காரருக்குப் போடுவார்கள். பேப்பர்காரரிடமிருந்து கடைகளுக்குப் போகும். ஊரில் எல்லா அச்சகத்திலும் அதுதான் வழக்கம், எங்களில் யாருக்கும் அது தோன்றவேயில்லை.

மறுநாள் ஸ்டெல்லா ஷிப்டு முடிந்து வரும் நேரத்துக்குக் கும்மிடிப்பூண்டி போனேன். கம்பெனி கேட்டுக்கு எதிரே ஓர் அக்கா வடைக்கடை போட்டிருந்தார். கம்பியில் தாள் குத்தித் தொங்கியது. மேலே இருந்தது ஸ்டெல்லாவின் கதை. இரண்டு வடை கேட்டேன். அக்கா ஒரு வெற்றுத் தாளைத் தேடி எடுத்து மடித்தார்.

"ஏன் அந்தத் தாள்ல குடுக்கலியா?"

"அது வோணாம்பா. அதுக்கு ஆளு கீது. வடைய வாங்கிக்கினு, இதுக்கு அடுத்த தாளு கீதா, அடுத்த தாளு கீதான்னு உசுர எடுக்கறானுங்க. ஒரே பேஜாரு. எனக்குப் படிக்கத் தெரியாது, ஒரு பொண்ணு படிச்சிக் காட்டிச்சு." அவர் கரண்டியை எண்ணெயில் வைத்தபடி என்னைப் பார்த்தார். "டேப்பு ஒட்டுனத எடுத்தாங்களா, இல்லியா? உனக்குத் தெரியுமா?"

ஸ்டெல்லா எனக்குப் பின்னால் வந்து நின்றிருந்தாள். டிபன் கூடையைக் கை மாற்றிக்கொண்டாள். "எடுக்கலக்கா" என்றாள்.

பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். கதையைத் தான் எழுதவில்லை என்று அவள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும், பொங்கலுக்கு ஆர்டர் வந்துவிடும் என்று சூப்பர்வைசர் சொல்லியிருந்தாராம். பஸ் வந்தது, அவள் ஏறவில்லை.

"அட்ட அடிச்சாச்சாண்ணா?"

"இன்னும் இல்லம்மா."

"என் பேரையே போடுங்க."

யோசித்துச் சொல் என்றேன். எவ்வளவு பெரிய எழுத்தில் வரும் என்று கேட்டாள்.

பொங்கலோடு அவளை நிறுத்திவிட்டார்கள். கொஞ்ச நாள் மெஷினில் டேப்பை எடுத்துவிட்டு, பிறகு மறுபடி ஒட்டினார்கள் என்று கேள்வி. அவள் வீட்டில் மூன்று மாதம் அவளோடு பேசவில்லை. பிறகு காட்டுப்பள்ளிப் பக்கம் கட்டட வேலைகள் தொடங்கியபோது ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் சேர்ந்தாள்.

கோதண்டத்திடம் சுமதி விஷயத்தைப் பஷீர் பாய் உளறிவிட்டார். நான் வடைக்கடைக்குப் போய்வந்ததற்கு அடுத்த ஞாயிறு கோதண்டம் தன் படியை என் கையில் கொடுத்தார். ஒரு பிழை விடாமல் சிவப்பு மையில் திருத்தியிருந்தார், ஒற்று மிகும் இடம் உட்பட. வணக்கம் சொல்லிவிட்டுப் போனவர் திரும்ப வரவில்லை. பாவம், நல்ல மனுஷன் என்றார் பாய். எனக்கு இன்றும் முழுதாக நம்பிக்கை வரவில்லை. ரிப்போர்ட் எழுதிப் பழகாதவன் அவ்வளவு சுத்தமாகத் திருத்தமாட்டான்.

அந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. வடைக்குப் பழைய தாள் கொடுப்பதில்லை, ஓட்டல்காரர்கள் வெள்ளைத் தாள் வாங்குகிறார்கள். பஷீர் பாய் புத்தகத்தை முடிக்காமலே போய்ச் சேர்ந்தார். என்னிடம் பாடம் கேட்க ஆள் இல்லை. எல்லாம் செல்போனிலேயே இருக்கிறது.

ஸ்டெல்லா போன வருடம் செல்போனில்தான் ஒன்று எழுதிப் போட்டாள். இப்போது வேலை செய்யும் இடத்தைப் பற்றி. கம்பெனி பெயர், மேனேஜர் பெயர் எதையும் மறைக்கவில்லை. நான் பயந்துபோய் மறுநாளே போன் செய்தேன்.

"யாராச்சும் கூப்பிட்டுக் கேட்டாங்களாம்மா?"

"எங்கண்ணா. மேனேஜருக்கு நானே அனுப்புனேன், அனுப்புன நிமிஷமே கட்டவிரல் தூக்குன படம் ஒண்ணு போட்டாரு." சிரித்தாள். "நீங்களாச்சும் படிச்சீங்களா?"