முதல் பிரதி வாங்க வந்தவர்

அருள்நாயகம் அண்ணையிடம் ஸ்காபரோவில் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான். "எங்கட ஆக்களைப் பற்றி எழுத எவ்வளவோ கிடக்க, உங்களுக்கு ஏன் உந்தக் கறுப்பு ஆக்களின்ர கதை?" ஆரம்பத்தில் பதில் சொல்லிப் பார்த்தார். பிறகு சிரித்தார். இப்போது "சும்மாதான்" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிக்கிறார்.

மன்னாரிலிருந்து கனடாவுக்கு வந்தவர். பிக்கரிங்கில் வீடு, நகரத்துக்குள் காப்புறுதிக் கம்பனியில் வேலை. ரயிலில் போய்வந்த நேரமெல்லாம் வாசிப்பு, சனி ஞாயிறு நூலகம். ஓடி வென்றும் அணியில் சேர்க்கப்படாத கறுப்பின ஓட்டக்காரர்கள், போருக்குப் பறந்து திரும்பாத கறுப்பின விமானப்படையினர், இவர்களைத் தேடித் தேடி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். "இந்த மனிசனுக்கு வீடு ஒரு வாடகை அறை" என்பார் மனைவி கிளடிஸ். பொய் இல்லை.

அந்தப் புத்தகத்தில் அண்ணையின் மனம் ஒட்டிக்கிடந்தது ஜூலியஸிடம். தொண்ணூறு தாண்டிய பழைய ஓட்டக்காரர், வோபர்னில் முதியோர் இல்லத்தில் இருக்கிறார். தன் ஓட்டத்தைப் பற்றி அவர் அதிகம் பேசவில்லை. போரில் விமானத்தோடு போன தமையன் மாக்கஸைப் பற்றித்தான் பேசினார். அந்தப் பெயரை ஒரு சபையில் யாராவது உரக்கச் சொல்லக் கேட்டுவிட்டுச் சாக வேண்டும் என்றார். முதல் பிரதி உங்கள் கையில்தான், தமையனின் பெயரை மேடையில் நானே வாசிப்பேன் என்று அண்ணை வாக்குக் கொடுத்தார்.

எங்கள் வெளியீட்டு விழாக்களை மனிதர் எப்படித்தான் மறந்தாரோ. அன்றும் விளக்கேற்றல், அகவணக்கம், வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை. மண்டபச் செலவை ஏற்ற வீடு விற்பனை முகவர் நிசாந்தனுக்கு முதல் பிரதி. சிறப்புப் பிரதி வாங்க ஒரு வரிசை, ஆளுக்கொரு படம். பேச்சாளர்களில் பாதிப்பேர் புத்தகத்தைத் திறந்தும் பார்க்கவில்லை. ஒருவர் தன் சொந்தப் புத்தகத்தைப் பற்றிப் பேசினார். முன்வரிசையில் ஜூலியஸ் கழுத்துப்பட்டி கட்டி, கைத்தடியில் நாடியை ஊன்றிக்கொண்டு இருந்தார்.

"கஸ்பர், அந்த மனிசனை முதல்ல கூப்பிடுங்கோ" என்று தொகுப்பாளரிடம் அண்ணை கெஞ்சினார்.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணை, இன்னும் ரெண்டு பேர்தான். உங்கட ஏற்புரை கடைசியிலதானே."

சண்டை பிடிக்க அண்ணைக்குத் தெம்பு இல்லை. பக்கத்தில் நின்ற எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அண்ணையின் முறை வந்தபோது ஜூலியஸின் கதிரை வெறுமையாக இருந்தது. முதியோர் இல்லத்து வான் வண்டி சொன்ன நேரத்துக்கு வந்து ஏற்றிப் போய்விட்டதாம். படம் எடுத்துக்கொண்டு நின்றவர்களின் முதுகுக்குப் பின்னால் அவர் எழும்பிப் போனதை அண்ணை காணவில்லை. மைக்கில் "மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். இல்லத்துக்கு நான்தான் காரோட்டினேன். வழியெல்லாம் கண்ணை மூடியபடி வந்தார்.

ஜூலியஸ் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எங்களுக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"உங்கள் மொழி எனக்கு விளங்காது" என்றார் ஆங்கிலத்தில். "ஆனால் பெயர் விளங்கும்தானே. அதற்காகவே காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தேன். வான்காரரையும் கொஞ்சம் மறித்து வைத்தேன். ஒருவரும் சொல்லவில்லை."

அண்ணை புத்தகத்தைத் திறந்து, மாக்கஸின் பக்கத்தை எடுத்து, எழும்பி நின்று வாசிக்கத் தொடங்கினார். கிழவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"வேண்டாம். இந்த அறையில் அவன் பெயரை நான் தினமும் சொல்கிறேன்."

அண்ணை புத்தகத்தை மூடிவிட்டு அவர் பக்கத்தில் இருந்தார்.