ஒருமுறையாவது கொலைகாரன்

ஹெர் ஸாபெல் எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் கைதான் வரும். கறுப்புத் தோலுறை மாட்டிய கை. அது கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இரண்டு விநாடி நிற்கும். பிறகு தொப்பியின் ஓரம், அதன் பிறகு பாதி முகம். மீதிப் பாதி வருவதற்குள், யாரோ சாகப்போகிறார்கள் என்று உள்ளே இருப்பவர்களுக்குத் தோன்றிவிட வேண்டும். பல் மருத்துவரிடம் போனாலும் இப்படித்தான் போகிறார். வங்கியில் மட்டும் இனி இது வேண்டாமென்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

பெர்லினில் எங்கள் ஸ்பாண்டாவ் பகுதி ரொட்டிக்கடையில் இது பழகிவிட்டது. கடைக்காரப் பெண் ஸில்கே, கை தெரிந்ததுமே நான்கு ரொட்டிகளைப் பையில் போட ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னைக்கு யாரைத் தீர்த்துக்கட்டப் போறீங்க, ஹெர் ஸாபெல்?"

"இன்னைக்கு ஞாயித்துக்கிழமைம்மா. லீவு."

இதைச் சொல்லும்போதும் அவர் சிரிப்பதில்லை. எண்பத்தோரு வயதில் அவர் சிரித்து நான் பார்த்ததே இல்லை. சிரித்தால் முகம் கெட்டுவிடும் என்பார். அவர் கெட்டுவிடும் என்று அஞ்சுகிற அந்த முகத்தைச் சொல்லியாக வேண்டும். இடப் புருவம் வலப் புருவத்தைவிட ஒரு விரற்கடை மேலே நிற்கிறது. பிறக்கும்போதே அப்படி. கீழுதடு ஏதோ இரகசியத்தை மென்றுகொண்டிருக்கும். இந்த முகத்தை வைத்துக்கொண்டு நல்லவராக வாழ்வது எவ்வளவு சிரமம் என்பதை அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இருபத்திரண்டு வயதில், ஆற்றோரத்து ஸ்டூடியோ ஒன்றுக்கு எரிவாயுக் குழாயைச் சரிபார்க்கப் போனார். இயக்குநர் அவரைக் கண்டதும் கதாநாயகியை அப்படியே நிற்கவிட்டு ஓடி வந்தாராம். லண்டனில் நடக்கும் கொலைகளைப் பெர்லினில் வைத்து வருடத்துக்கு நான்கைந்து படங்களாகச் சுட்டுத்தள்ளிய காலம் அது. எங்கள் ஹாவெல் நதி தேம்ஸ் ஆனது. அதன் நடுவிலுள்ள மயில் தீவின் வெள்ளை மாளிகை ஸ்காட்லாந்துக் கோட்டையானது. லண்டனுக்குப் போயிராத பலர் கூடி, லண்டனுக்குப் போயிராத ஒரு நாட்டுக்காக, லண்டனைவிட அதிகமான மூடுபனியைத் தயாரித்தார்கள்.

பதினொரு படங்களில் ஹெர் ஸாபெல் நடித்திருக்கிறார். பதினொன்றிலும் அவர்தான் பணியாள். வெள்ளித் தட்டுடன் வந்து நிற்பார், புருவம் உயரும், இசை அலறும். துப்பறிகிறவர் நாற்பது நிமிடம் அவரையே சந்தேகப்படுவார். பெரும்பாலும் ஐம்பதாவது நிமிடத்தில் ஏதாவது அலமாரியைத் திறந்தால் ஹெர் ஸாபெலின் பிணம் விறைப்பாக முன்னால் விழும். உண்மையான கொலைகாரன் எப்போதும் வேறு யாராவது கனவானாக இருப்பான்.

அந்த மாதிரிப் படங்கள் நின்றுபோன பிறகு முப்பத்தோரு வருடம் எரிவாயு மீட்டர் கணக்கெடுத்தார். அந்த முகத்தோடு வீடு வீடாகப் போய், "உங்க நிலவறையை நான் பார்க்கணும்" என்று சொல்கிற வேலை! பெண்கள் சங்கிலி மாட்டிய கதவின் இடுக்கு வழியாகவே எண்ணைப் படித்துச் சொன்னார்கள். இரண்டு முறை போலீஸ் வந்தது. வீட்டிலும் விடிவில்லை.

"ஏதாவது கோப்பை உடைஞ்சா லோரே என்னைத்தான் திரும்பிப் பார்ப்பா. மூணு பசங்க பக்கத்துல நிப்பானுங்க. இருந்தும் என்னைத்தான்."

லோரே அவருடைய மனைவி. இறந்து ஒன்பது வருடமாகிறது. அதைச் சொல்லும்போது மட்டும் இரண்டு புருவமும் ஒரே மட்டத்துக்கு இறங்கிவிடும்.

நான் அவரை நெருங்கி அறிந்தது மூடுபனிச் சங்கத்தில். இந்தப் பழைய படங்களை விரும்புகிற இருபத்திரண்டு பேர் சேர்ந்து முறைப்படி பதிவு செய்த சங்கம். பதினான்கு விதிகள், ஒரு தலைவர், கேக்குக்கு ஒரு பொறுப்பாளர், கூட்டக்குறிப்பு எழுத ஒரு செயலாளர். அந்தப் பாவப்பட்ட செயலாளர் நான். மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று மணிக்கு, தேவாலயத்தின் கூடத்தில் காபி, கேக், அதன் பிறகு கொலை.

நாங்கள் இந்தப் படங்களைப் பார்க்கும் விதம் தனி. வௌவால் பறந்து வரும்போது அதைக் கட்டிய கயிறு தெரியும், உடனே கூடம் முழுக்க "கயிறு!" என்று கத்தும். பணக்கார வீட்டுப் பெண் இரவு உடையில் மெழுகுவத்தியோடு நிலவறைக்கு இறங்கினால், "போகாதடி!" என்று கெஞ்சுவோம். அவள் போவாள். எல்லாப் படத்திலும் ஒரே மாடிப்படி, திரைச்சீலை மட்டும் வேறு. அந்தப் படியைப் பார்த்ததும் கைதட்டுவோம். மனதாரக் கேலி செய்வதும் மனதார நேசிப்பதும் எங்களுக்கு ஒன்றுதான். ஹெர் ஸாபெல் மட்டும் முதல் வரிசையில் தொப்பியைக் கழற்றாமல், உதடு அசைய, ஒவ்வொரு வசனத்தையும் கூடவே சொல்லிக்கொண்டிருப்பார். அவருக்கு அதில் கேலி எதுவும் தெரிந்ததில்லை.

அவருக்கு ஒரு குறை இருந்தது. 'ஆமை மூன்று முறை தட்டும்' என்ற படத்தில், ஆமை ஓட்டு முகமூடி அணிந்த ஒருவன் லண்டன் முழுக்க நிதானமாகக் கொலை செய்துகொண்டு போவான். கடைசியில் முகமூடியைக் கழற்றினால் குடும்ப வக்கீல். ஆனால் இரகசியம் வெளியே கசியாமலிருக்க இரண்டு முடிவுகள் படமாக்கப்பட்டன என்றும், இரண்டாவது முடிவில் ஆமை தான்தான் என்றும் ஹெர் ஸாபெல் சொல்லுவார். முகமூடி, ஒப்புதல் வாக்குமூலம், கோபுரத்திலிருந்து விழுவது. முழுசாக ஒரு நாள் எடுத்தார்களாம். திரையரங்கில் வந்ததோ வக்கீல். லோரேயையும் மாமியாரையும் முதல் காட்சிக்குக் கூட்டிப்போய் உட்கார்த்திவைத்து, அந்த வக்கீல் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார். ஐம்பத்தைந்து வருடமாக அந்த மனுஷன் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஒருமுறையாவது கொலைகாரனாக நாலு பேர் தன்னைப் பார்க்க வேண்டும்.

கேக் பொறுப்பாளரான பெண்மணி ஃப்ராவ் டெம்கே இதை நம்பியதில்லை. "வருஷத்துக்கு வருஷம் அந்தக் கோபுரம் உசந்துக்கிட்டே போகுது, ஹெர் ஸாபெல். போன தடவை மூணு மாடிதான் இருந்துச்சு."

சென்ற இலையுதிர் காலத்தில், எங்களுக்குப் படம் ஓட்டும் உவே, ஆஸ்திரியாவில் மூடப்பட்ட ஒரு திரையரங்கிலிருந்து துருப்பிடித்த தகரப் பெட்டி ஒன்றை வாங்கி வந்தான். மேலே ஒட்டிய சீட்டில் படத்தின் பெயர், கீழே 'முடிவு 2'. கூட்டத்தில் அதை மேசைமேல் வைத்தபோது ஹெர் ஸாபெல் எழுந்து வந்து, கையுறையைக் கழற்றிவிட்டு, வெறும் விரலால் அந்தச் சீட்டைத் தொட்டார். கையுறை இல்லாமல் அவர் கையை அன்றுதான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

உடனே போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் எங்களிடம் தலைவர் ஹெர் ரீக் இருக்கிறார். வரித்துறையில் இருந்து ஓய்வுபெற்றவர்.

"ஒன்பதாவது விதியைப் படிங்க. ஒரு படத்துக்கு ஒரு கொலைகாரன். 2006-லயே பதிவு பண்ணியாச்சு, வக்கீல்தான்னு. அதை மாத்தணும்னா மூணுல ரெண்டு பங்கு ஓட்டு வேணும். அதுக்கப்புறம்தான் படம்."

"அப்போ இந்தச் சுருள் நம்மகிட்ட இல்லையே!" என்றான் உவே.

"நாளைக்கு இன்னொரு பெட்டி வரும். அதுல தோட்டக்காரன் கொலைகாரன்னு இருக்கும். ஒவ்வொரு பெட்டிக்கும் கொலைகாரனை மாத்திக்கிட்டே இருந்தா இது சங்கமா, சந்தைக்கடையா?"

ஃப்ராவ் டெம்கே கேக் வெட்டும் கத்தியை உயர்த்தினார். "பதிமூணு வருஷமா அந்த வக்கீலை வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கோம். இப்போ அவரு நல்லவருன்னா நான் எங்க போய் மூஞ்சியை வெச்சுக்கறது?"

"அந்த வேஷம் போட்டவரு செத்தே இருபது வருஷம் ஆச்சு, ஃப்ராவ் டெம்கே. அவரு கோச்சுக்க மாட்டாரு" என்றார் ஹெர் ஸாபெல்.

"அதத்தான் நானும் சொல்றேன். செத்தவருகிட்ட இருந்து கொலையைப் பிடுங்கறது நல்லாவா இருக்கு?"

வாக்கெடுப்புக்கு முன் ஹெர் ரீக் தொண்டையைச் செருமினார். "ஹெர் ஸாபெல், நீங்க சம்பந்தப்பட்டவரு. வெளிய நிக்கணும்."

"நான்தான் கொலைகாரன்னு இன்னும் முடிவாகலையே?"

"அது முடிவாகத்தான் வெளிய நிக்கச் சொல்றேன்."

அவர் போனார். வெளிநடையில் மழலைப்பள்ளிக் குழந்தைகளின் மஞ்சள் மழைக்கோட்டுகள் வரிசையாகத் தொங்கும். அவற்றின் நடுவே, தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு, பிரசவ அறை வாசலில் நிற்கும் அப்பன் மாதிரி நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக எனக்குத் தெரிந்தது. உள்ளே பத்தொன்பது பேர். பதின்மூன்று கை வேண்டும். பன்னிரண்டு உயர்ந்தன. குறிப்பெழுதுகிறவன் கட்சி சேரக்கூடாது என்று நான் பல வருடமாகக் கையை உயர்த்தியதில்லை. அன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டு உயர்த்தினேன்.

ஹெர் ஸாபெலை உள்ளே அழைத்தோம். இந்தமுறை கையை முன்னால் அனுப்ப மறந்து சாதாரணமாக நடந்து வந்தார். விளக்கு அணைந்தது.

கோபுரம் வந்தது. மூன்று மாடிகூட இல்லை, அட்டை. மூடுபனி வந்தது, ஆமை வந்தது. துப்பறிகிறவர் பாய்ந்து முகமூடியைப் பிடுங்கினார். இருபத்தாறு வயது ஸாபெல்! அவரேதான்! ஆனால் முகமூடியோடு ஒட்டுமீசையின் ஒரு பாதியும் வந்துவிட்டது. மறுபாதி உதட்டில் தொங்கியது. முதல் சிரிப்பு அங்கே கிளம்பியது. அடுத்து அவர் வாயைத் திறந்தார். கீச்சென்று ஒரு குரல் வந்தது. அந்தக் காலத்தில் யாரையாவது வைத்துக் குரல் சேர்த்துவிடுவார்கள். வெளிநாட்டுப் பிரதிக்குக் கிடைத்த ஆளைப் பிடித்துச் சேர்த்திருக்க வேண்டும். கோழி முட்டையிட்டதை அறிவிப்பதுபோல அந்தக் குரல் தன் கொலைகளை அறிவித்தது. கூடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டது. கோபுரத்திலிருந்து அவருக்குப் பதிலாக ஒரு துணிப்பொம்மை விழுந்தது. நடுவழியில் அதன் ஒரு கால் தனியே கழன்று, முதலில் தரைக்கு வந்து சேர்ந்தது. ஃப்ராவ் டெம்கே கண்ணீரைத் துடைத்துக்கொண்டு, "கால்! ஐயோ, அந்தக் கால்!" என்று திணறினார். நானும் சிரித்தேன். இன்றுவரை அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. முதல் வரிசையில் அந்தத் தொப்பி அசையவே இல்லை.

சுருள் முடிந்து வெறும் வெள்ளை வெளிச்சம் திரையில் விழுந்தது. கைதட்டல் காதைப் பிளந்தது. பதின்மூன்று வருடத்தில் சங்கம் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. யாரோ காபியை மறுபடி ஊற்றிக்கொண்டார்கள். ஹெர் ரீக், "எழுதிக்கோங்க. கொலைகாரன், பணியாள்" என்றார் என்னிடம்.

ஹெர் ஸாபெல் எழுந்தார். திரைக்கு முன்னால் போய் எங்கள் பக்கம் திரும்பினார். படக்கருவியின் வெளிச்சம் நேராக அவர் முகத்தில் விழுந்தது.

"அது என் குரல் இல்லை" என்றார்.

சிலர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் காத்திருந்தார். பிறகு, சத்தமே போடாமல், பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரலில், ஆமையின் வாக்குமூலத்தைச் சொன்னார்.

"பத்து வருஷம் இந்த வீட்டுல இருந்தேன். ராத்திரி உங்க கதவைப் பூட்டினது நான். காலையில உங்க காபியைக் கலந்தது நான். ஒருத்தர்கூட என் பேரு என்னன்னு கேட்டதில்லை."

இடப் புருவம் மெல்ல உயர்ந்தது.

"இப்போ கேளுங்க."

உவே படக்கருவியை நிறுத்த மறந்து நின்றான். இரண்டாம் வரிசையில், கோப்பையை உதட்டருகே கொண்டுபோயிருந்த ஃப்ராவ் டெம்கே, அதற்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தார். பிறகு குடிக்காமல், சத்தம் வராதபடி தட்டில் திரும்ப வைத்தார்.

ஹெர் ஸாபெல் அதைப் பார்த்தார். குதிகாலைச் சேர்த்து, நல்ல வீட்டுப் பணியாள் குனிவதுபோல, ஃப்ராவ் டெம்கேயை நோக்கிச் சற்றே தலை தாழ்த்தினார்.