வாலை மடித்துக் கட்டிய அணில்

2025 ஜூலை 12, சனிக்கிழமை. காலையில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டேன், தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். மாலையில் லாசால் பூங்காவுக்குப் பேஸ்பால் பார்க்கப் போனேன்.

எங்கள் அணியின் சின்னம் அணில். வேடத்துக்குள் இருப்பவர் யாரென்று எனக்குத் தெரியாது. இடைவேளையில் எதிரணிச் சின்னமான முயலோடு பந்தயம் ஓட வேண்டும். உடலைவிட நீளமான வால் தடுக்கி அவர் எப்போதும் தோற்பார். தோற்ற மிருகம் நடு மைதானத்தில் இடுப்பை ஆட்டி ஆட வேண்டும்.

அன்று அணில் கோட்டருகே குனிந்து, வாலை முன்னால் இழுத்து, சாரத்தை, அதாவது லுங்கியை, மடித்துக் கட்டுவதுபோல் இடுப்பில் செருகியது. எங்கள் தமிழ் ஆட்கள்தான் அப்படிச் செருகுவார்கள். “விடாதேங்கோ அண்ணை!” என்று கத்தினேன். அணில் வென்றது.

பிறகு தண்ணீர்க் குழாயடியில் மெதுவாகக் கேட்டேன்.

“அண்ணை, எங்கடை ஆளோ?”

“உஷ்! அணில் கதைக்கக் கூடாது,” என்றது உள்ளிருந்து ஒரு குரல். “மாமி வந்திருக்கிறா. நான் இஞ்சை மனேஜர் எண்டு சொல்லி வைச்சிருக்கு. உள்ளுக்கு நான் எண்டு தெரியாட்டிலும், அவவுக்கு முன்னாலை இடுப்பை ஆட்டேலுமே?”

அப்போது சேலை கட்டிய ஓர் அம்மா ஐஸ்கிரீமோடு எங்களைக் கடந்தார். பெரியவர்களைக் கண்டால் மடித்த சாரத்தை இறக்கிவிடுவதுபோல், அணில் சட்டென்று வாலை இறக்கிவிட்டு, பணிவாக ஒதுங்கி நின்றது. அம்மா திரும்பி, அதை மேலும் கீழும் பார்த்தார்.

“மருமோன்?”

அணில் தலையாட்டியது.

“நல்லா ஓடினீங்கள், மனேஜர்,” என்று ஐஸ்கிரீமை அதன் கையில் கொடுத்துவிட்டுப் போனார். வாய் திறக்காத அந்தத் தலையோடு மருமகன் அதை எப்படிச் சாப்பிட்டாரோ, தெரியவில்லை.

மறுநாள் காலை முதல் வேலையாக, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு தக்காளிக்குத் தண்ணீர் ஊற்றினேன். வேலியில் ஓர் அணில் வந்து உட்கார்ந்தது. சாரத்தை இறக்கிவிட்டேன்.