லியோனார்டின் பீர்க்கங்காய்த் தபசு

ராயபுரத்தில் அப்போது மூன்று லியோனார்ட்கள் இருந்தார்கள். கோயிலில் ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஒருவர். துறைமுகத்தில் மூட்டையோடு மூட்டையாக விழுந்து காலை ஒடித்துக்கொண்டவர் இன்னொருவர். மூன்றாவது ஆள்தான் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வீங்குகிற லியோனார்ட்.

பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலையில் அவன் ஃபிட்டர். இருபத்தாறு வயது, வாட்டசாட்டமான உடம்பு. மற்ற நாட்களில் பார்த்தால் மாப்பிள்ளைக் களை சொட்டும். வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்தபின் பார்த்தால் உதடு இட்லியாக உப்பியிருக்கும். கண் இரண்டும் கோடாகியிருக்கும். கழுத்தெல்லாம் சிவப்புத் தடிப்பு. தேன்கூட்டுக்குள் தலையை விட்டு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டு வந்தவன் மாதிரி இருப்பான். சனிக்கிழமை மத்தியானத்துக்குள் எல்லாம் வடிந்து, மறுபடியும் மாப்பிள்ளை.

வேறு கிழமையில் வீங்கியிருந்தால் அவன் அம்மா சிலுவையம்மாள் வேப்பிலை அரைத்துப் பூசிவிட்டுப் போயிருப்பாள். வீங்கியது வெள்ளிக்கிழமை. ஆண்டவர் சிலுவையில் தொங்கிய நாள். அந்த நாளாகப் பார்த்து ஒருவன் வீங்கினால் அதற்கு மருந்து வேப்பிலையா?

"இன்னா பாவம்டா பண்ணே?" என்றாள். "பெத்தவகிட்ட சொல்ல வாணாம். போய் சாமியார்கிட்ட சொல்லு."

லியோனார்ட் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனான். முதல் வாரம் சொல்வதற்கு நல்ல பாவங்கள் இருந்தன: ரயில்வே ஸ்பானர் ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தது, பூசை நேரத்தில் தூங்கியது. அடுத்த வெள்ளியும் வீங்கினான். சின்ன வயசில் உண்டியலில் போடாமல் ஐஸ் வாங்கித் தின்றதைத் தோண்டி எடுத்துச் சொன்னான். அதற்கும் அடங்கவில்லை. கடைசியில் சரக்கு தீர்ந்து, செய்யாத பாவங்களைச் சொல்ல ஆரம்பித்தான். அதிலும் கற்பனை போதவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டைத் திருடினேன் என்றான்.

தட்டிக்கு அந்தப் பக்கம் சாமியார் பெருமூச்சு விட்டார். "உன் பக்கத்து வூட்டுல ஏதுப்பா ஆடு? அவங்க வளக்குறது வாத்தாச்சே."

"சரி ஃபாதர், வாத்துன்னே வச்சிக்கங்க."

"இது பாவமில்ல, தோலு. ஆஸ்பத்திரிக்குப் போ. இனிமே பொய் சொல்ல இங்க வராதே."

ஆஸ்பத்திரி என்றதும் சிலுவையம்மாள் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்தினாள். காரணம் இருந்தது. எண்ணூர் கழிமுகத்தில் நண்டு பிடிக்கிற அருள்பிரகாசத்தின் மகள் ரோஸ்மேரியை லியோனார்டுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் தபசு காலத்தில் கல்யாணம் கிடையாது. ஈஸ்டர் கழிந்ததும் கோயிலில் ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசித்துக் கல்யாணம் என்று பேச்சு. லியோனார்ட் அந்தப் பெண்ணை இரண்டு தடவை பார்த்திருந்தான். இரண்டும் ஞாயிற்றுக்கிழமை. இரண்டாவது தடவை அவள் காப்பியை நீட்டிவிட்டு, "சர்க்கர போட மறந்துட்டேன், சும்மா நல்லாக்கீதுன்னு குடிக்காதீங்க" என்று மெதுவாகச் சொல்லியிருந்தாள். அதிலிருந்து அவனுக்குப் பெரம்பூரில் போல்ட்டும் நட்டும் சேர்வதற்கு ரொம்ப நேரம் பிடித்தது.

மாப்பிள்ளைக்குத் தோலில் ஏதோ என்று எண்ணூருக்குச் சேதி போனால் போதும். தோல் என்பது அங்கே போய்ச் சேருவதற்குள் பெருவியாதி, குஷ்டம் என்று ஆகிவிடும். பெண் கிடைக்காது. ரோஸ்மேரி கிடைக்கவே மாட்டாள்.

டாக்டரம்மா சின்ன உருவம், பெரிய கண்ணாடி. தடிப்பைப் பார்த்தார், நாக்கைப் பார்த்தார், கிழமைக் கணக்கைக் கேட்டார். பிறகு சிலுவையம்மாளிடம், "வெள்ளிக்கிழமை வீட்ல என்ன சமையல்?" என்றார்.

சிலுவையம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வெள்ளிக்கெய்ம எங்க வூட்ல சுத்தபோசனம் டாக்டரம்மா. கறின்னு ஒண்ணத் தொட மாட்டோம். எறாவும் கத்திரிக்காவும் போட்டு ஒரு தொக்கு, முட்டக் கொயம்பு, ரெண்டு நண்டு கெடச்சா ஒரு ரசம். அவ்ளோதான். பச்சத் தண்ணி மாதிரி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு வெறும் சோறு, பாசிப்பருப்பு, பீர்க்கங்காய், உப்பு. வேறு எதுவும் கூடாது. அப்புறம் ஒவ்வொன்றாக, ஆஸ்பத்திரியிலேயே உட்கார்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று பார்க்க வேண்டும். எது ஆகவில்லையோ அதை ஜென்மத்துக்கும் விட்டுவிட வேண்டும். இதுதான் உத்தரவு.

முதல் நாள் லியோனார்ட் பீர்க்கங்காயைப் பார்த்தான். பீர்க்கங்காய் அவனைப் பார்த்தது. இரண்டு பேருக்கும் பிடிக்கவில்லை. தொழிற்சாலையில் அவன் டப்பாவைத் திறந்தால் பக்கத்து ஆட்கள் தங்கள் மீன்குழம்பைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார்கள், துக்க வீட்டில் சத்தமாகச் சிரிக்கக் கூடாது என்பது போல. வீட்டிலும் நிம்மதி இல்லை. சிலுவையம்மாள் தனக்கு வைத்த இறால் தொக்கைக் கிண்டிய அதே கரண்டியால் மகனின் பருப்பைக் கிண்டினாள். அன்று வெள்ளிக்கிழமை கூட இல்லை. காது இரண்டும் அப்பளமாகப் பொரிந்துவிட்டன. அடுத்த நாளே அவள் தன் தொக்குச் சட்டியைப் பரணில் ஏற்றிவிட்டு, அவளும் பீர்க்கங்காய்க்கு மாறினாள். கேட்டால், "எனக்கு எறா அலுத்துப்போச்சுடா" என்றாள். இறால் கூடைக்காரி தெருவில் கூவிக்கொண்டு போகும்போது மட்டும் உள்ளே போய்ப் பாத்திரத்தை உருட்டுவாள்.

தெருவாருக்கு என்ன சொல்வது? அதற்கு அவளே வழி கண்டுபிடித்தாள். தபசு காலம் ஆரம்பித்திருந்தது நல்லதாகப் போயிற்று. "எம் புள்ள கல்யாணத்துக்கு நேந்துகினு கடும் தபசு இருக்கான்" என்று கிணற்றடியில் ஒரு வார்த்தை போட்டாள். வியாதி என்ற பேச்சே எழவில்லை. பெண்கள் அவன் போகும்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டார்கள். ஒரு கிழவர் தன் முட்டிவலிக்காக வேண்டிக்கொள்ளச் சொன்னார்.

முனையில் மளிகைக்கடை வைத்திருந்த தவசிமுத்துவுக்கு மட்டும் உண்மை தெரியும். அவன் லியோனார்டுடன் படித்து, கூடவே பெயிலானவன். திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம்; மாரியம்மனைக் கும்பிடுகிறவன். ஆனால் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டுக் கேட்டுப் பிரார்த்தனை முழுக்க மனப்பாடம். லியோனார்ட் பாசிப்பருப்பு வாங்க வந்தால் எழுந்து நின்று கையைக் குவிப்பான்.

"பீர்க்கங்காயின் புனித லியோனார்டே!"

கடையில் இருக்கிற பயல்கள் ஒரே குரலில், "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்!"

"வாய மூடுடா பேமானி. எண்ணூருக்குக் கேக்கப்போவுது."

கேட்டேவிட்டது. ஆனால் வேறு விதமாக.

அதற்குள் ஆஸ்பத்திரி வேலையும் முடிந்தது. சிலுவையம்மாள் டிபன் கேரியரோடு போவாள். லியோனார்ட் பெஞ்சில் உட்கார்ந்து துளித்துளியாகத் தின்பான். சுற்றியிருந்த நோயாளிகள் எச்சில் விழுங்குவார்கள். இறால்: உதடு போயிற்று. நண்டு: உதடும் கண்ணும் போயின. முட்டை: வயிறும் முதுகும். கத்தரிக்காய்: தொண்டைக்குள் கம்பளிப்பூச்சி. கேன்டீன் சாம்பார் சில நாள் ஏன் அரித்தது என்று அப்போதுதான் புரிந்தது. ஆனால் மடவை மீன், வஞ்சிரம், ஆட்டுக்கறி, தேங்காய், வெண்டைக்காய் எல்லாம் சுகமாக இறங்கின. முதல் மீன் துண்டு ஒன்றும் செய்யாமல் உள்ளே போனபோது லியோனார்டுக்குக் கண் கலங்கியது. காரம் என்று சொல்லிக்கொண்டான். மீனில் உப்பு மட்டும்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை வந்தது. வீங்கவில்லை. அடுத்த வெள்ளியும் வந்து, சும்மா போயிற்று. பெரிய வெள்ளி அன்று கோயிலில் சிலுவையை முத்தி செய்ய வரிசையில் நின்றபோது, தான் ஒன்றும் பெரிய பாவி இல்லை என்கிற எண்ணம் வந்து அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னால் நின்ற அம்மா முதுகில் குத்தினாள்.

ஈஸ்டர் திங்கட்கிழமை எண்ணூரில் விருந்து. மறுநாள் அருள்பிரகாசம் கோயிலுக்குப் போய் ஓலைக்குப் பெயர் கொடுப்பதாக ஏற்பாடு. லியோனார்ட், சிலுவையம்மாள், துணைக்குத் தவசிமுத்து, மூன்று பேரும் பஸ்ஸில் போனார்கள்.

"இன்னாடா பண்றது? அந்த வூட்ல நண்டு போடுவாங்களே" என்றான் லியோனார்ட்.

"நீ பேசிகிட்டே இரு. நான் பக்கத்துல உக்காந்து தின்னுகிட்டே இருக்கேன்" என்றான் தவசிமுத்து. நண்பனுக்காக இதைக்கூடச் செய்யாவிட்டால் எப்படி என்கிற முகம்.

பாய் விரித்து இலை போட்டார்கள். நண்டு வந்தது. லியோனார்டின் இலையில் வைத்த நண்டுக்கால் அவன் மணிக்கட்டு அளவு இருந்தது. அப்புறம் இறால் வறுவல். அப்புறம் அவித்த முட்டை, ஈஸ்டர் முட்டை என்று சாயம் வேறு பூசி. கடைசியாக எண்ணெய்க் கத்தரிக்காய். நாலும் வரிசையாக உட்கார்ந்து அவனைப் பார்த்தன, கோர்ட்டில் சாட்சிகள் போல.

லியோனார்ட் பேசினான். ரயில்பெட்டியைப் பற்றி, சக்கரத்தைப் பற்றி, பிரேக்கைப் பற்றிப் பேசினான். தவசிமுத்து அவன் இலையிலிருந்து தின்றான். ஆனால் அருள்பிரகாசம் இலையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காலியானதும் மறுபடி நண்டு போட்டார். தவசிமுத்து அதையும் முடித்தான். மூன்றாவது நண்டில் அவனுக்கே வேர்த்தது.

"மாப்ள," என்றார் அருள்பிரகாசம். "தபசுதான் முடிஞ்சிபோச்சே. நீ துன்னு. ஒன் தோஸ்து துன்னது போதும்."

"அவன் இன்னும் நேர்ச்சையில..." என்று சிலுவையம்மாள் ஆரம்பித்தாள்.

அருள்பிரகாசம் கையை உதறிவிட்டு எழுந்துவிட்டார். "அதான் நானும் கேள்விப்பட்டேன். பீர்க்கங்கா துன்றான், வாராவாரம் பாவம் சொல்லி அயுவுறான், தெருவே அவன் பேரச் சொல்லி ஜெபம் பண்ணுதுன்னு மீன்காரி வந்து சொன்னா. இவன் சாமியாருக்குப் போவப்போற பையன். இன்னிக்குக் கட்டிகினு நாளைக்கு மடத்துல போய் உக்காந்துகினா எம் பொண்ணு கதி இன்னா? நாளைக்கு ஓலைக்குப் பேர் குடுக்க மாட்டேன்."

கல்யாணத்தைக் காப்பாற்றச் சிலுவையம்மாள் கட்டிய பொய் அதன் தலையிலேயே விழுந்துகிடந்தது. தவசிமுத்து வாயில் இருந்த நண்டை மெல்வதை நிறுத்தினான்.

லியோனார்ட் இலையைப் பார்த்தான். தின்றால் பத்து நிமிஷத்தில் மூஞ்சி போய்விடும். தின்னாவிட்டால் ரோஸ்மேரி போய்விடுவாள். சொன்னாலும் போகலாம். ஆனால் சொன்னால், போகிறவளுக்கு ஏன் போகிறோம் என்றாவது தெரியும்.

"மாமா, எனக்கு நண்டு துன்னா மூஞ்சி வீங்கிக்கும்," என்றான். "எறா துன்னாலும் அதான். முட்ட, கத்திரிக்கா, நாலும் ஆவாது. ஆஸ்பத்திரில பாத்து சொல்லிட்டாங்கோ. தபசும் கெடையாது, நேர்ச்சயும் கெடையாது. சொன்னா பொண்ணு குடுக்க மாட்டிங்கன்னு பயந்துகினு அம்மா அப்டி சொல்லிச்சு."

அருள்பிரகாசம் அவன் கையையும் கழுத்தையும் உற்றுப் பார்த்தார்.

"பெருவியாதி ஒண்ணும் இல்லியே?"

"இல்ல மாமா."

"சாமியாருக்குப் போற எண்ணம்?"

"எறாவ உடச் சொன்னதுக்கே அயுதவன் மாமா நானு. பொண்ண உட்டுட்டுப் போவனா?"

உள்ளே, சமையல்கட்டில், யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து அடக்க முடியாமல் இருமினார்கள்.

அருள்பிரகாசம் மெதுவாக உட்கார்ந்தார். முகத்தில் இருந்த முடிச்செல்லாம் ஒவ்வொன்றாக அவிழ்ந்தது. "அடப் பாவி மனுஷா! நண்டு ஆவாது, அவ்ளோதானா? இத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ராத்திரியெல்லாம் தூங்காம கெடந்தேன்டா!" லியோனார்டின் இலையில் இருந்த நண்டை எடுத்துத் தன் இலையில் போட்டுக்கொண்டார். "எனக்குத்தான் லாபம்."

அப்போதுதான் ரோஸ்மேரி வாசற்படிக்கு வந்தாள். லியோனார்டைப் பார்க்காமல் சிலுவையம்மாளைப் பார்த்துக் கேட்டாள். "அத்த, அவரு மடவ துன்னுவாரா?"

"துன்னுவேன்" என்றான் லியோனார்ட்.

"அத்த, வெண்டக்கா?"

"அதுவும்."

சிலுவையம்மாள், "நான் இன்னாத்துக்கு நடுவுல?" என்றாள். அந்தக் கூட்டத்தில் அவள் முதல் தடவையாகச் சிரித்தாள்.

ரோஸ்மேரி ஒரு சட்டியை எடுத்துச் சாம்பலும் மணலும் போட்டுத் தேய்த்தாள். கழுவினாள். மறுபடி தேய்த்தாள். வேறு கரண்டி, வேறு அடுப்பு. லியோனார்ட் சாப்பிட உட்கார வெகுநேரம் ஆயிற்று. எல்லோரும் அவன் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் ஆகவில்லை. மூன்று நண்டு தின்ற தவசிமுத்துதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்தான்.

மூன்று ஞாயிறும் ஓலை வாசித்தார்கள். கல்யாணமும் நடந்தது. விருந்தில் பிரியாணி, ஆட்டுக்கறி, அதில் வம்பில்லை. ஆனால் கேக் என்று ஒன்று இருப்பதை எல்லோரும் மறந்துபோயிருந்தார்கள். மாடிப்படி மாதிரி மூன்று அடுக்கு, எத்தனை முட்டையோ. வெட்டியாயிற்று. பெண் மாப்பிள்ளைக்கு ஊட்ட வேண்டும். சுற்றிலும் கைதட்டல். ரோஸ்மேரி கேக்கின் பின்பக்கம் கையைக் கொண்டுபோய் எதையோ கிள்ளி அவன் வாய்க்கு நேரே கொண்டுவந்தாள்.

சிலுவையம்மாள் கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தாள். அதற்குள் எங்கே வர?

லியோனார்ட் ரோஸ்மேரியின் கண்ணைப் பார்த்தான். மறந்துவிட்டாளா? அந்தக் கண் மறந்த கண்ணாகத் தெரியவில்லை. வாயைத் திறந்தான்.

தேங்காய் பர்ஃபி. உள்ளங்கையில் ஒளித்து வைத்திருந்திருக்கிறாள். சூட்டில் கொஞ்சம் இளகியிருந்தது.

"ஒரு வாரமா எங்கப்பனுக்கு ஊட்டி ஊட்டிப் பயகிகினு இருந்தேன்" என்றாள் அவன் காதுக்கருகே. "இப்ப எனக்கு ஊட்டுங்க. அசல் கேக்கு. பெர்சா."