பேத்தியின் முழங்கால்

இன்று பிளாக்டவுன் மைதானத்தில் என் பேத்தி அபிக்கு, முழங்கால் ஒப்பரேசனுக்குப் பிறகு முதல் உதைபந்தாட்ட மட்ச்.

அவள் இல்லாமல் அந்த ரீம் ஓடாது. ஆனாலும் எனக்குப் பயம்.

கோச் ஜப்பான்காரர். அபியைப்போல நடுவில் நின்று விளையாடியவர். முழங்கால் போனதால்தான் விளையாட்டை விட்டுக் கோச் ஆனவர்.

திருநீற்றை எடுத்து அபியின் காலில் பூசப் போனேன்.

“ஐயோ அம்மம்மா, பிளீஸ்! எல்லாரும் பாக்கினம்!”

கோச் என்னவென்று அவளிடம் விசாரித்தார். பிறகு காற்சட்டையைச் சுருட்டி, தழும்பு தெரியத் தன் முழங்காலை நீட்டினார்.

“அவருக்கும் பயமாம், அம்மம்மா. தனக்கும் பூசிவிடட்டாம்.”

இருவருக்கும் பூசிவிட்டுக் காருக்குள் வந்து இருந்துவிட்டேன். பார்க்கத் தைரியமில்லை.

இப்போது மைதானத்தில் பெரிய சத்தம். அங்கே நிற்பவர்களே, கோல் என்றால் உடனே இந்த வட்ஸ்அப் குறூப்பில் எழுதுங்கோ. அபி விழுந்திருந்தால் எழுத வேண்டாம். ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லுங்கோ.