ஜெயினுலாப்தீனின் இடது கை

1986 பிப்ரவரி. தாராவி தோல் பட்டறையில் ஜெயினுலாப்தீன் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இடது கையைத் தூக்கி வலப்பக்கக் கழுத்தை அழுத்துகிறார். தலைக்குள் இரையும் சத்தம் அடங்குகிறது. கையை எடுத்தால் திரும்ப வருகிறது, நாடித் துடிப்போடு சேர்ந்து, உஸ் உஸ் என்று. "கொல்லன் துருத்தி ஊதுத மாதிரி" என்பார்.

வலக்கைக்காரர்தான். ஆனால் ஆஸ்பத்திரி டாக்டரம்மா இடது கையால்தான் அழுத்த வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அழுத்தம் அதிகமாகி மூளையின் வலப்பாதிக்கு ரத்தம் குறைந்தால் முதலில் தளர்வது இடது கை. தானாகவே கழுத்திலிருந்து நழுவிவிடும். "ஆபிதாவ விட இந்தக் கைக்கு எம்மேல அக்கறை" என்பார், மனைவி காதில் விழும்படி.

இரண்டு வருடத்துக்கு முன் மாட்டுங்கா பக்கம் லோக்கல் ரயிலிலிருந்து தவறி விழுந்தார். டீக்கடை ஜஹாங்கீர் அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். மண்டையோட்டில் விரிசல். அது ஆறி, வேலைக்கும் திரும்பிய பிறகு வலக்கண் சிவந்து பிதுங்கியது. தெருவே கண்வலி என்றது; சொட்டு மருந்து கொடுத்தது. ஆபிதா மட்டும் அவர் நெற்றிப்பொட்டில் காதை வைத்துப் பார்த்தாள்.

"கண்வலிக்குச் சத்தம் கேக்குமா மச்சான்?"

கண்ணுக்குப் பின்னால் ரத்தக்குழாய் கிழிந்து, பக்கத்துச் சிரைக்குள் ரத்தம் பாய்ந்துகொண்டிருந்தது. தொடை வழியாக மெல்லிய குழாயை ஏற்றி, அதன் நுனியில் இருந்த பட்டாணி அளவு பலூனைக் கிழிசலில் ஊதி, அங்கேயே விட்டுவிட்டு வந்தார்கள். மயக்கம் கொடுக்கவில்லை. மேசையில் படுத்தபடியே "சத்தம் நின்னுட்டு" என்றார் ஜெயினுலாப்தீன். சில மாதத்தில் பலூன் சுருங்கி, இரைச்சல் திரும்ப வந்தது. இரண்டாவது பலூன் வைத்து, கொஞ்ச காலம் எதையும் தூக்கக் கூடாது என்று அனுப்பினார்கள்.

அந்தக் கெடு முடியுமுன் ஜஹாங்கீர் மௌத்தாகிவிட்டார். அவர் உடலை, மய்யித்தை, வைத்த சந்தூக்குப் பெட்டியைத் தூக்க ஜெயினுலாப்தீன் தோளைக் கொடுக்கப் போனபோது, பட்டறைக் கூட்டாளி செல்லப்பாண்டி சட்டையைப் பிடித்து இழுத்தார்.

"பாய், ஒம்ம மண்ட பஞ்சர் ஒட்டுன டியூப்பு. பேசாம பின்னால வாரும்."

"என்னத் தூக்குனவன நான் தூக்கண்டாமா வே?"

கபர்ஸ்தான் வாசலில் சந்தூக்கை இறக்கும்போதே துருத்தி ஊத ஆரம்பித்துவிட்டது. அதற்காக அவர் இன்றுவரை வருந்தியதில்லை.

ஆனால் கண் மங்கிக்கொண்டே போகிறது. தோலில் போட்ட ஒரு கோடு இரண்டாகத் தெரிகிறது; ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் வெட்டுகிறார். பார்வை போனால் பட்டறையும் போகும். இன்னொரு பலூன் வைத்துப் பார்க்கலாம், அதுவும் நிற்காவிட்டால் கிழிந்த அந்தப் பெரிய ரத்தக்குழாயையே அடைக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டரம்மா. இனி எதையும் தூக்கமாட்டேன் என்று அவரிடம் ஹிந்தியில் வாக்குக் கொடுத்தார் ஜெயினுலாப்தீன். ஆபிதா தமிழில் கேட்டாள்:

"மய்யித்தையும்?"

ஜெயினுலாப்தீன் கழுத்தை அழுத்தியிருந்த இடது கையை எடுத்தார்.

"சரிளா. மய்யித்தையும்தான்."

மார்ச்சில் மூன்றாவது பலூன். மேசையிலேயே சத்தம் நின்றது. வீடு திரும்பியதும் ஆபிதா நெற்றிப்பொட்டில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, சோறு வடிக்கப் போனாள்.

மாதக் கடைசியில் ஒரு சந்தூக்கு பட்டறை வழியாகப் போனது. கத்தியை வைத்துவிட்டு வெளியே வந்தார். தோள் மாற்றிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் அவரைக் கண்டதும் நகர்ந்து இடம் விட்டார். செல்லப்பாண்டி வாசலுக்கு ஓடிவந்தார். ஜெயினுலாப்தீன் இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டு, கூட்டத்தின் பின்னால் நடந்தார்.

பலூன் சுருங்காமல் இருக்கிறதா என்று ஏப்ரலில் படம் எடுத்துப் பார்ப்பார்கள்.