மெதியானோவின் முழங்கால்

ஆலிவ் எண்ணெயில் உள்ளிப்பூண்டு பொரியும் வாசம் வந்தால் மற்றவர்களுக்குப் பசி எடுக்கும், எனக்குக் கோபம் வரும். தொண்ணூறுகளின் நடுவில், பலேர்மோவில் எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, மொண்டெல்லோக் கடற்கரைப் பக்கம் ஒரு பந்தாட்டக்காரரின் வீட்டுச் சமையலறையிலிருந்து அம்மா அந்த வாசத்தோடுதான் கிண்ணத்தை ஏந்தி வருவார். சோபாவில் காலை நீட்டிக்கொண்டு வீட்டுக்காரர் காத்திருப்பார்.

அவர் பெயரை எழுத எனக்கு மனமில்லை. எங்கள் வீட்டில் அவர் "மெதியானோ". நடுக்களத்தில் ஓடி ஓடிப் பந்தைப் பறித்து, கோல் போடும் பெயரை இன்னொருவனுக்குக் கொடுத்துவிடும் ஆட்டக்காரனை இத்தாலியர் அப்படித்தான் சொல்வார்கள். வடக்கே பெரிய அணிகளில் அந்த வேலையைச் செய்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, கடைசியில் ஊர் திரும்பி, கீழ்ப்பிரிவில் ஆடிய ஒரு சின்ன அணியில் சேர்ந்திருந்தார். அம்மா அவர் வீட்டில் நாலு வருடம் துப்புரவு வேலை செய்தார். மன்னாரில் பந்தடித்த தம்பிமாருக்கு எண்ணெய் போட்டு "உருவி" விட்ட கை சும்மா இருக்குமா? படியிறங்க முடியாமல் அவர் முனகுவதைப் பார்த்து, நல்லெண்ணெய் கிடைக்காத ஊரில் ஆலிவ் எண்ணெயிலேயே உள்ளி போட்டுக் காய்ச்சினார். பிறகு அவரே "சிஞ்ஞோரா, எண்ணெய்!" என்று மாடியிலிருந்து கூப்பிடத் தொடங்கினார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு முதல்நாள் நானும் அங்கே இருந்தேன். அணியின் டாக்டர் வீட்டுக்கே வந்து, வீங்கியிருந்த முழங்காலில் இரண்டு ஊசி போட்டார். "இது முதலில் ஆறட்டும், ஆட வேண்டாம்" என்று தன் அரைகுறை இத்தாலிய மொழியில் சொன்ன அம்மாவை டாக்டர் திரும்பியும் பார்க்கவில்லை. மறுநாள் மெதியானோ இருபது நிமிடம் ஓடினார். பிறகு யாரும் இடிக்காமலேயே விழுந்தார்.

ஊசியைப் பற்றி ஒரு சொல் வெளியில் வரவில்லை. வேலைக்காரி ஒருத்தி கண்ட கண்ட எண்ணெயைத் தேய்த்து முழங்காலைக் கெடுத்துவிட்டாள் என்று அணி நிர்வாகம் சொன்னதாகப் பத்திரிகையில் வந்தது. மந்திரமாம், மூடப் பழக்கமாம்! வலி தெரியாமல் மரக்கவைத்து ஓடவிட்டவர் படித்தவர், வேண்டாம் என்று தடுத்தவள் குற்றவாளி. தேவாலயத்தில் பூசை முடிந்து வந்த எங்கள் சனமே அம்மாவை மறித்து, "நீ ஏன் தேவையில்லாமல் தொட்டனீ? இனி எங்களுக்கும் ஆர் வேலை தருவினம்?" என்று கேட்டது.

இனி வர வேண்டாம் என்று மெதியானோவின் மனைவி சொல்லிவிட்டார். அந்த வேலைக் கடிதத்தை வைத்துத்தான் நாங்கள் இந்த நாட்டில் இருப்பதற்கான "பெர்மெஸ்ஸோ"வைப் புதுப்பிக்க வேண்டும். விட்டுவந்த செருப்பை எடுக்க அம்மாவுடன் நானும் போனேன். வாசலில் நிருபர்கள் நின்றார்கள். ஊன்றுகோலுடன் வெளியே வந்தவரிடம், "அந்தப் பெண்தானா காரணம்?" என்று கேட்டார்கள். அம்மா நாலடி தூரத்தில்தான் நின்றார். அவர் எங்களைப் பார்த்தார். "இல்லை" என்று ஒரு சொல் போதும். அதைச் சொல்லாமல் காரில் ஏறிவிட்டார்.

"அவரைக் குறை சொல்லாதை பிள்ளை. வாய் திறந்தால் அடுத்த வருசம் அவரை ஆர் எடுக்கிறது?" என்றார் அம்மா பஸ்ஸில். அப்படியும் யாரும் எடுக்கவில்லை, அவருடைய ஆட்டம் அத்தோடு முடிந்தது. நகரத்துக்குள் பொலிதேயாமாப் பக்கம் நோயாளி ஒருவரைப் பார்க்கும் வேலை அம்மாவுக்குக் கிடைக்க ஏழு மாதம் சென்றது. அதுவரை யார் கதவைத் தட்டினாலும் பொலிஸ் என்று பயந்து நாங்கள் மூச்சுக்காட்டவில்லை.

அந்த அணி இன்று இல்லை. மொண்டெல்லோ வீடு இருந்த இடத்தில் ஹோட்டல் நிற்கிறது. அம்மா அதற்குப் பிறகு யாருக்கும், எங்களுக்குக்கூட, கால் உருவி விட்டதில்லை. போன மாதம் மெதியானோவைத் தொலைக்காட்சியில் பேட்டி கண்டார்கள். நரைத்துப்போயிருந்தார். கடைசி ஆட்டத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார். "வீட்டில் ஒரு தமிழ்ப் பெண் வேலை செய்தாள், பெயர் மறந்துவிட்டது. என் முழங்காலை அவள்தான் முடித்துவைத்தாள்" என்றார். அரங்கமே சிரித்தது. நிறுத்துவதற்காக நான் ரிமோட்டை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நிப்பாட்டாதை, என்னைப் பற்றித்தான் கதைக்கிறார்" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. "பாத்தியே, மறக்கேல்லை."